புதுப்பிப்பு: பாய் வள்ளத்துக்குள்ள தண்ணி எங்கால வந்தது?

போன மாதம் கேட்டிருந்தன்: நந்திக்கடல் களப்பில சோளகக் காத்துக்கு எதிரா ஓடேக்க எங்கட 14 அடி திறந்த வள்ளத்துக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி நிக்குது, என்ன செய்யலாம் எண்டு. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

அணியத்தில, அதாவது வள்ளத்தின்ர முன்பக்கத்தில, இருக்கிற ஆளைப் பின்னுக்கு எடுக்கச் சொன்ன அண்ணையின்ர யோசனைதான் முதல்ல பலிச்சது. மூக்கு உயர, சாரல் பாதியாக் குறைஞ்சுது. பாயைக் கொஞ்சம் சுருக்கி, வள்ளத்தைச் சரிய விடாம ஓட்ட இன்னும் குறைஞ்சுது. தார்ப்பாய் மறைப்பு முகத்தைக் காப்பாத்திச்சு, அவ்வளவுதான்.

ஆனாலும் தண்ணி ஏறினபடி. குனிஞ்சு பாத்தா, நடுப்பலகைப் பெட்டியின்ர (வள்ளம் பக்கவாட்டில வழுக்காம அடியால இறக்கிற பலகை நிக்கிற கூடு) மேல்வாயால ஒவ்வொரு அலைக்கும் குபுக் குபுக்கெண்டு வருது! இவ்வளவு நாளும் காத்தைத் திட்டியிருக்கிறம். பழைய சைக்கிள் டியூபை ரெண்டு பட்டியா வெட்டி, விளிம்புகள் முட்ட ஒட்டினன். இப்ப சிரட்டையால இறைக்கிற அளவுதான்.

இடுப்பளவு தண்ணியில வேணுமெண்டே கவிழ்த்தும் பாத்தம். இருக்கைக்குக் கீழ கட்டின வெறும் கேன்களால தாழேல்ல. ஆனா நிமிர்த்தினாப் பிறகு பெட்டி வாய் தண்ணிக்குக் கீழ. இறைக்க இறைக்க நிரம்பிச்சு. சாரத்தைக் கழட்டி அடைச்சாப் பிறகுதான் வாளிக்கு வேலை வந்தது.

பிராங்க் டை எண்ட இங்கிலாந்துப் பாய் வள்ளக்காரர் 1963இல ஸ்கொட்லாந்தில இருந்து ஐஸ்லாந்துக்குத் திறந்த வள்ளத்தில போனவர் எண்டு ஒராள் எழுதியிருந்தார். உண்மை. ஆனா அவற்ர வேஃபேரர் வகை வள்ளத்துக்கு முன்னும் பின்னும் காத்தறை (தண்ணி புகாம மூடின, மிதக்க வைக்கிற அறை) இருக்கு. எங்கடதுக்கு அது போடும்வரை முல்லைத்தீவுக் கடலில இறக்கமாட்டம்.