ஹை பிரஷர் அலாரம்: வைவா கணக்கு ஒன்றும் லாக்புக் சந்தேகமும்

கேள்வி (புது_ஃபெலோ):
கிரிட்டிக்கல் கேர் ஃபெலோஷிப்பில் இது முதல் மாதம். வைவா (வாய்மொழித் தேர்வு) பயிற்சிக் கணக்கு ஒன்று: ஏஆர்டிஎஸ் (நுரையீரல் வீங்கி விறைத்து மூச்சு கடுமையாகத் திணறும் நிலை) உள்ள பெண், வென்டிலேட்டரில் இருக்கிறார், உயரம் 160 செ.மீ., எடை 80 கிலோ. வால்யூம் கன்ட்ரோல் மோட், டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போகும் காற்று) 480 மி.லி., ரேட் நிமிடத்துக்கு 18, பீப் (மூச்சு வெளியேறிய முடிவில் மிஞ்ச வைக்கும் அழுத்தம்) 10. பீக் பிரஷர் (மூச்சு உள்ளே போகும்போதைய உச்ச அழுத்தம்) 42, பிளேட்டோ (காற்றோட்டத்தை நிறுத்திப் பார்க்கும் அழுத்தம்) 36. அலாரம் நிற்கவில்லை. அலாரம் லிமிட்டை 50க்கு ஏற்றலாமா, செடேஷனை (மயக்க மருந்தை) கூட்டலாமா? லாக்புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) இதையெல்லாம் எந்த அளவுக்கு எழுத வேண்டும்?

பதில் (வளைகோடு):
லிமிட்டைத் தொடாதீர்கள். அலாரம் சரியாகத்தான் கத்துகிறது, தப்பு டைடல் வால்யூமில். 80 கிலோவுக்கு 6 மி.லி. என்று போட்டு 480 வந்திருக்கிறது. எடை கூடினாலும் நுரையீரல் வளராது, கணக்கு உயரத்தை வைத்துத்தான். பெண்களுக்கு 45.5 + 0.91 × (உயரம் − 152.4), ஆண்களுக்கு 45.5க்குப் பதில் 50. இவருக்கு 52.4 கிலோ வரும், அதாவது இப்போது போவது கிலோவுக்கு 9 மி.லி.க்கும் மேல். 2000இல் வந்த ஏஆர்டிஎஸ் நெட்வொர்க் ஆய்வில் 12 மி.லி. பிரிவில் இறப்பு 39.8 சதவீதம், 6 மி.லி. பிரிவில் 31. இலக்கு 6 மி.லி., பிளேட்டோ 30க்குள்.

டிரைவிங் பிரஷர் (பிளேட்டோவில் பீப்பைக் கழித்தது) 36 − 10 = 26. கம்ப்ளையன்ஸ் (நுரையீரல் எவ்வளவு சுலபமாக விரிகிறது என்பது) 480 ÷ 26, சுமார் 18. 314 மி.லி.க்கு இறக்கினால் டிரைவிங் பிரஷர் 17, பிளேட்டோ 27 அருகே வரும். 15க்குள் வேண்டுமென்றால் 5 மி.லி. வரை போகலாம். ரேட்டை 28 ஆக்கினால் மினிட் வென்டிலேஷன் (ஒரு நிமிடத்தில் போகும் மொத்தக் காற்று) ஏறக்குறைய பழையபடி இருக்கும். ஆனாலும் டெட் ஸ்பேஸ் (வாயுப் பரிமாற்றத்தில் சேராத காற்று) பங்கு கூடுவதால் கார்பன் டை ஆக்ஸைடு ஏறும். ரத்தத்தின் பிஎச் 7.2க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம், மூளை அழுத்தம் கூடியவர்களுக்கு இது பொருந்தாது.

பதில் (இரவுப்பணி):
கணக்கு சரி. ஆனால் பிரஷர் திடீரென்று ஏறியதா, மெல்ல ஏறியதா என்று எக்ஸாமினரிடம் முதலில் கேளுங்கள். திடீரென்றால் கால்குலேட்டருக்கு நேரமில்லை. நோயாளி தளர்ந்துகொண்டிருந்தால் சர்க்யூட்டைக் கழற்றி 100 சதவீத ஆக்ஸிஜனில் கையால் பேக் செய்து பாருங்கள். சுலபமாகப் போனால் கோளாறு மெஷினிலோ சர்க்யூட்டிலோ. கல்லாக இருந்தால் டியூபிலோ நெஞ்சிலோ. சக்ஷன் கத்தீட்டர் இறங்குகிறதா, டியூப் எத்தனை செ.மீ.யில் நிற்கிறது என்று பாருங்கள்.

பீக்குக்கும் பிளேட்டோவுக்கும் இடைவெளி இங்கே 6தான், அதனால் சளி அடைப்பு, டியூப் மடிப்பு, பிராங்கோஸ்பாஸம் (மூச்சுக்குழாய் சுருக்கம்) முதல் சந்தேகமில்லை. பிளேட்டோ 24 என்று கொடுத்திருந்தால் அங்கேதான் தேடியிருக்க வேண்டும். இங்கே நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த நிலை), வலது பிராங்கஸுக்குள் (வலது நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்குழாய்க்குள்) நழுவிய டியூப், உப்பிய வயிறு ஆகியவற்றை விலக்கிய பிறகே ஏஆர்டிஎஸ் மேல் பழி போடலாம். அல்ட்ராசவுண்டில் இடப்பக்கம் லங் ஸ்லைடிங் (மூச்சோடு நுரையீரல் வழுக்கி நகர்வது) இல்லை என்றதும் நெஞ்சில் குத்திக் காற்றை எடுக்க ஊசியை எடுக்காதீர்கள். டியூப் வலப்பக்கம் நழுவினாலும் ஸ்லைடிங் மறையும். லங் பல்ஸ் (இதயத் துடிப்போடு நுரையீரல் அசைவது) தெரிந்தால் அந்த இடத்தில் நியூமோதொராக்ஸ் இல்லை.

புது_ஃபெலோ:
பிளேட்டோ பார்க்க இன்ஸ்பிரேட்டரி ஹோல்ட் (மூச்சு உள்ளே போன முடிவில் நிறுத்திவைப்பது) போட்டால் சில சமயம் பிளேட்டோ ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டுகிறதே?

பதில் (வளைகோடு):
ஹோல்ட் நேரத்தில் நோயாளி மூச்சை இழுத்தாலோ தள்ளினாலோ எண் பொய். கோடு சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், அரை விநாடி போதும். எக்ஸ்பிரேட்டரி ஹோல்டும் (மூச்சு வெளியேறிய முடிவில் நிறுத்துவதும்) போடுங்கள். ஆட்டோ பீப் (முழுதும் வெளியேறாமல் சிக்கிய காற்றின் அழுத்தம்) இருந்தால் கழிக்க வேண்டியது டயலில் வைத்த பீப்பை அல்ல, மொத்த பீப்பை. ரேட்டை 28, 30 என்று ஏற்றும்போது இது அவசியம்.

பதில் (குறிப்பேடு):
லாக்புக் பற்றி யாரும் சொல்லவில்லை. 'வென்டிலேஷன், 1 கேஸ்' என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. மோட், கிலோவுக்கு எத்தனை மி.லி., மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பிளேட்டோ, முடிவு யாருடையது, சீனியர் பக்கத்தில் நின்றாரா போனில் இருந்தாரா, இவ்வளவு வேண்டும். தோல்வியுற்ற முயற்சிகளையும் எழுதுங்கள். எல்லாமே முதல் முயற்சியில் முடிந்த சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் போடும் குழாய்) பட்டியலை எந்த மதிப்பீட்டாளரும் நம்பமாட்டார். அன்றன்றே எழுதுங்கள், வார இறுதியில் பிளேட்டோ எண் நினைவிருக்காது. நோயாளி பெயர் வேண்டாம்.

எண்ணிக்கை மட்டும் தகுதி ஆகாது. ஐரோப்பாவின் கோபாட்ரைஸ் என்ற தீவிர சிகிச்சைப் பயிற்சித் திட்டம் 2006இல் 102 திறன்களைப் பட்டியலிட்டது. அவற்றில் கையால் செய்யும் ப்ரொசீஜர்கள் ஒரு பகுதிதான். குடும்பத்தாரிடம் பேசுவதும் சிகிச்சையை நிறுத்தும் முடிவும் அதே பட்டியலில் இருக்கின்றன, லாக்புக்குகளில் காலியாகக் கிடப்பவை பெரும்பாலும் அந்தப் பக்கங்கள்தான்.