எச்-இன்டெக்ஸ் மூன்று தளத்தில் மூன்று விதமாக இருக்கிறது: விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

செல்_வளர்ப்பு:
உதவிப் பேராசிரியர் விண்ணப்பத்தில் மொத்த சைட்டேஷனும் (மேற்கோள்கள்) எச்-இன்டெக்ஸும் (குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 5 இருந்தால் எச் 5) கேட்கிறார்கள். துறை நோயெதிர்ப்பியல். மேற்கோளை எண்ணும் மூன்று தளங்களில் என் எச்: கூகுள் ஸ்காலரில் 19, ஸ்கோபஸில் 13, வெப் ஆஃப் சயின்ஸில் 12. இவ்வளவு வித்தியாசம் ஏன்? எதை எழுதினால் பிறகு கேள்வி வராது? ஸ்கோபஸில் என் பெயருக்கு இரண்டு பக்கங்கள் வேறு இருக்கின்றன.

நூலக_மேசை:
முதலில் அந்த இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்குங்கள். அதுவரை 13 உங்கள் எண்ணே அல்ல.

நம் பெயர்களுக்கு இது தீராத தலைவலி. முத்துசாமி மகன் செந்தில்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு இதழில் எம். செந்தில்குமார், மருத்துவக் கட்டுரைத் தளமான பப்மெட்டில் அது ‘செந்தில்குமார் எம்’. இன்னொரு இதழில் கடைசிப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால் ‘முத்துசாமி எஸ்’. செந்தில், குமார் என்று இடைவெளி விட்டுவிட்டால் ‘குமார் எம்எஸ்’. ஆள் ஒருவர், ஆசிரியர் மூவர்!

ஸ்கோபஸ் ஆசிரியர் தேடலில் இரண்டு பக்கங்களையும் டிக் செய்து, இணைக்கும் கோரிக்கையை அனுப்புங்கள். நடுவில் எந்தப் பெயர் வடிவம் நிலைக்க வேண்டும் என்று கேட்கும். இனி எல்லாக் கட்டுரையிலும் போடப்போகும் வடிவத்தையே கொடுங்கள். பிறகு ஆய்வாளரின் அடையாளமான 16 இலக்க ஆர்கிட் எண்ணில் ஸ்கோபஸ் அடையாளத்தை இணைத்துவிடுங்கள். கட்டுரை அனுப்பும்போதே ஆர்கிட் எண்ணைக் கொடுத்து, கட்டுரைகளைப் பதியும் கிராஸ்ரெஃபுக்கும் அனுமதி தந்துவிட்டால், புதுக் கட்டுரைகள் டிஓஐயோடு (கட்டுரையின் நிலையான அடையாள எண்) தாமாகவே வந்து சேரும்.

பப்மெட்_வாசகர்:
வித்தியாசத்துக்குக் காரணம், யாருடைய மேற்கோளை எண்ணுகிறார்கள் என்பதுதான். ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் வடிவம்), மாநாட்டுச் சுருக்கம் எல்லாவற்றிலிருந்தும் எண்ணும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளோடு நின்றுவிடும்.

ஸ்காலரில் இரண்டு இடம் பாருங்கள். தானாகச் சேர்க்கும் வசதி இயங்கினால் அதே பெயர்க்காரர் இன்னொருவரின் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறிவிடும். அதை நிறுத்தி, கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். அடுத்து, முன்பதிப்பும் இதழ்ப் பதிப்பும் தனித்தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். ஒருவரின் கட்டுரைகளுக்கு 90, 41, 12, 6, 5, 3 மேற்கோள்கள் என்றால் எச் 5. 5 மேற்கோள் பெற்ற அந்தக் கட்டுரையின் கணக்கு, முன்பதிப்பில் 2, இதழ்ப் பதிப்பில் 3 என்று பிரிந்து கிடந்தால் எச் 4. இரண்டையும் டிக் செய்து இணைத்தால் சரியாகிவிடும்.

எழுதும்போது தளமும் தேதியும் சேர்த்தே எழுதுங்கள்: ‘ஸ்கோபஸ், இன்ன தேதி, எச் இவ்வளவு, சுயமேற்கோள் நீக்கி இவ்வளவு’. சுயமேற்கோளை நீக்கிப் பார்க்கும் வசதி ஸ்கோபஸிலேயே உண்டு. சரிபார்ப்பவருக்கும் அதே எண் கிடைக்க வேண்டும், அதனால் ஸ்காலரை மட்டும் நம்பி எழுதாதீர்கள்.

செல்_வளர்ப்பு:
இணைக்கக் கோரிக்கை அனுப்பிவிட்டேன், நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். நூற்றுக்கணக்கானோர் எழுதிய கூட்டமைப்புக் கட்டுரை ஒன்றில் என் பெயரும் உண்டு; மொத்த சைட்டேஷனில் பாதி அதிலிருந்துதான். படிவத்தில் ‘மொத்த இம்பாக்ட் ஃபேக்டர்’ என்றும் ஒரு கட்டம் இருக்கிறது.

பப்மெட்_வாசகர்:
அந்தக் கட்டுரைக்கு 5,000 மேற்கோள் இருந்தாலும் எச்-இன்டெக்ஸில் அதிகபட்சம் ஒன்றைத்தான் அது கூட்டும். மொத்தத்தை மட்டும் அது இல்லாமல் ஒருமுறை, சேர்த்து ஒருமுறை எழுதி, உங்கள் பங்கை ஒரு வரியில் சொல்லுங்கள். முறையியல் கட்டுரைகளும் அப்படித்தான். லௌரி குழுவின் 1951ஆம் ஆண்டுப் புரத அளவீட்டுக் கட்டுரை 3 லட்சம் மேற்கோளைத் தாண்டியதற்குக் காரணம், புரதம் அளந்த ஆய்வகமெல்லாம் அதைக் காட்டியதுதான்.

இம்பாக்ட் ஃபேக்டர், முந்தைய 2 ஆண்டுகளில் ஒரு இதழில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோளின் சராசரி. அது இதழின் எண். அதைக் கூட்டி ஓர் ஆளுக்குச் சூட்டுவது தவறு. ஆய்வு மதிப்பீடு குறித்து 2013இல் வெளியான டோரா அறிக்கை இதைத்தான் கண்டிக்கிறது. கட்டம் கட்டாயமென்றால் நிரப்புங்கள், ஆனால் பக்கத்திலேயே ஆர்சிஆர் (ஒப்பீட்டு மேற்கோள் விகிதம்) கொடுங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச்-சின் ஐசைட் தளத்தில் உங்கள் கட்டுரைகளின் பிஎம்ஐடி (பப்மெட் அடையாள) எண்களை ஒட்டினால் போதும், கட்டணம் கிடையாது. துறைக்கும் ஆண்டுக்கும் ஏற்பச் சமன் செய்த எண் அது; என்ஐஎச் நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமதிப்பு 1.0. மருத்துவச் சோதனைக் கட்டுரைகளும் வழிகாட்டு நெறிகளும் உங்களை மேற்கோள் காட்டியிருந்தால் அதையும் தனியாகக் காட்டும். நோயெதிர்ப்பியலில் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

நூலக_மேசை:
பிஎம்ஐடி இல்லாத கட்டுரை ஐசைட்டில் வராது. பப்மெட்டில் ஏறாத இதழ்க் கட்டுரைகள் எத்தனை என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.