என்எச்எல் முதல் பருவத்தில் வாண்டரர்ஸ் அணிக்கு என்ன ஆனது?

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன், இங்கே எல்லாம் திடல் ஹாக்கிதான். கனடாவில் தொடங்கிய பனி ஹாக்கிப் போட்டியான தேசிய ஹாக்கி லீக்கின் (என்எச்எல்) 1917-18 பட்டியலில் மொன்ட்ரியல் அணியான வாண்டரர்ஸ் நாலே ஆட்டம் ஆடியிருக்கிறது. ஏன் அண்ணே?

பதில்: தம்பி, அது பாவப்பட்ட கதை. லீக் தொடங்கியது 1917 நவம்பர் 26, மொன்ட்ரியலில். டிசம்பர் 19 முதல் நாள் ஆட்டத்தில் வாண்டரர்ஸ் டொரண்டோவை 10-9 என்று வென்றது, ஆனால் அதுதான் அவர்களின் கடைசி வெற்றியும். போர்க்காலம், ஆட்டக்காரர் பஞ்சம், ஏற்கனவே தள்ளாடிய அணி. அப்புறம் 1918 ஜனவரி 2 அன்று அவர்களுடைய அரங்கமே எரிந்துபோனது. அதோடு விலகிவிட்டார்கள். நம் ஊரில் தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது திடலும் போய், அதோடு காற்பந்துக் குழுவும் கலைந்ததே, எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

பதில்: அதே அரங்கம்தான் மொன்ட்ரியலின் இன்னொரு அணியான கனடியன்ஸுக்கும். அவர்கள் ஜூபிலி என்ற சின்ன அரங்கத்துக்கு மாறி ஆடினார்கள். அவர்களின் ஜோ மலோன் 20 ஆட்டத்தில் 44 கோல்! அதே ஜனவரியில்தான் கோல்காவலர் பனியில் விழுந்து பந்தை, அதாவது 'பக்' என்ற ரப்பர் வட்டைத் தடுக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். அதுவரை விழுந்தால் தண்டனை.

கேட்டவர்: நன்றி அண்ணே. மிச்சம் மூன்று அணிதானா? கோப்பை யாருக்கு?

பதில்: ஆமாம், மூன்றுதான். டொரண்டோ, வேறொரு லீக்கின் வான்கூவர் அணியை ஐந்து ஆட்டத் தொடரில் 3-2 என்று வென்று ஸ்டான்லி கோப்பையை எடுத்தது.