ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஷூ: மதுரை ஓட்டக்காரர்களின் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆவணியில் எனக்கு ஐம்பது வயது நிறைவதையொட்டி, ஓடுவதற்கான புதிய ஷூ வாங்கித் தரப் பிள்ளைகள் விரும்புகிறார்கள் (வேட்டி சட்டைதான் வரும் என்று நினைத்திருந்தேன்). விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றியும், ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவில் சாலையிலும் ஓடுபவன் நான்; நேரத்தைக் குறைக்கும் ஆசை நாற்பதுகளோடு போய்விட்டது, அறுபதிலும் முழங்கால் வலியின்றி ஓட வேண்டும் என்பதே இப்போதைய எண்ணம்.

என் பழைய ஷூவில் குதிகால் பகுதி முன்பாதத்தைவிட 10 மில்லிமீட்டர் உயரமானது. கடைக்காரர் பரிந்துரைப்பதிலோ அந்த வேறுபாடு 4 மில்லிமீட்டர் மட்டுமே. உயரம் குறையும்போது கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் சுமை கூடும் என்பதால், இந்த வயதில் ஒரேயடியாக மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குதிகால் உயரம் குறைந்த ஷூவுக்கு மாறியவர்கள், பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி அணிந்து எத்தனை வாரங்களில் பழகினீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

என் பாதம் முன்புறம் அகலமானது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால், அந்நேரத்தில் போட்டுப் பார்த்து, விரல்நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம்விட்டு வாங்க விரும்புகிறேன். அகலமான அளவுகளை வைத்திருந்து, சிறிது ஓடிப் பார்க்கவும் அனுமதிக்கும் கடை மதுரையில் எங்கே இருக்கிறது?