போஸ்ட்-ரிசீவ் ஹூக்: கையால் ஓட்டினால் ஓடுகிறது, புஷ் செய்தால் எர்ரர் (அவசரம்)

பாலக்கோட்டான்: காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு பில்லிங் தளம் செய்து கொடுத்திருக்கிறேன், கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) புஷ் செய்தவுடன், அதாவது மாற்றத்தை சர்வருக்கு அனுப்பியவுடன், தளம் தானாக மாறுவதற்கு போஸ்ட்-ரிசீவ் ஹூக் (புஷ் வந்து சேர்ந்ததும் கிட் தானே ஓட்டும் ஸ்கிரிப்ட்) எழுதினேன், நானே ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது, புஷ் செய்தால் மட்டும் எர்ரர். சீசன் நேரம், முதலாளி போன் மேல் போன். யாராவது சொல்லுங்கள்.

பர்கூர்_பையன்: என்ன எர்ரர் ப்ரோ? அதை அப்படியே போடுங்கள். ஸ்கிரிப்டில் என்ன இருக்கிறது?

ஓசூர்_லினக்ஸ்: பர்மிஷன்தான், சந்தேகமே வேண்டாம். எக்ஸிக்யூட் பர்மிஷன் (ஃபைலை ஓட்டும் அனுமதி) இல்லாத ஹூக்கை கிட் கண்டுகொள்ளாது. பெயரின் கடைசியில் '.சாம்பிள்' ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதை.

பர்கூர்_பையன்: கண்டுகொள்ளவே இல்லை என்றால் எர்ரர் எங்கிருந்து வரும் அண்ணா?

கிட்_வாத்தியார்: கேட்பதற்கு முன்னால் ஆவணத்தைப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. இந்தக் காலத்தில் ஹூக் வைத்து தளம் ஏற்றுவதே தப்பு. அதற்கென்றே இருக்கும் ஜென்கின்ஸ் என்ற ஆட்டோமேஷன் சர்வர் போடுங்கள்.

மத்தூர்_தேவ்: மாதம் 500 ரூபாய் சர்வரில் ஜென்கின்ஸா சார்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கிட்_வாத்தியார்: ஹூக்கை நம்பி டீம் நடத்த முடியாது. ரெப்போவை (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிட் கிடங்கை) குளோன் செய்தால், அதாவது நகலெடுத்தால், ஹூக் கூடவே வராது, ப்ரீ-கமிட் ஹூக்கை (மாற்றத்தைப் பதியும் கமிட்டுக்கு முன் ஓடுவது) 'நோ-வெரிஃபை' போட்டு யாரும் தாண்டிவிடலாம்.

மத்தூர்_தேவ்: ஹூக் இருக்கும் ஃபோல்டரை மாற்றும் கோர்.ஹூக்ஸ்பாத் செட்டிங் கிட் 2.9லேயே வந்துவிட்டது, ஹூக்கை ரெப்போவுக்குள்ளேயே வைக்கலாம். தவிர அவர் கேட்டது சர்வர் ஹூக், அதற்கு நோ-வெரிஃபை எல்லாம் செல்லாது.

பாலக்கோட்டான்: சர்வரில் இருப்பது பேர் (bare) ரெப்போ, அதாவது கோட் ஃபைல்கள் விரிக்கப்படாமல் கிட் வரலாறு மட்டும் உள்ளது. ஸ்கிரிப்டில் தளத்தின் ஃபோல்டருக்குப் போக சிடி, அப்புறம் புதிய கோடை இழுக்க கிட் புல், அவ்வளவுதான். 'ஃபேட்டல்: நாட் எ கிட் ரெபாசிட்டரி' (இது கிட் ரெப்போவே இல்லை) என்கிறது. ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கிறது!

ராயக்கோட்டை: இதைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். புஷ் வந்ததும் கிட், ரெப்போ எங்கே என்று சொல்லும் ஜிஐடி_டிஐஆர் (GIT_DIR) என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் வெறும் புள்ளியை வைத்துத்தான் ஹூக்கைக் கூப்பிடுகிறது. புள்ளி என்றால் 'இப்போது நிற்கும் ஃபோல்டர்'. பேர் ரெப்போவுக்குள் நிற்கும் வரை அது சரி. நீங்கள் சிடி செய்தவுடன் தளத்தின் ஃபோல்டரையே ரெப்போ என்று நினைத்துக்கொள்கிறது, உள்ளே இருக்கும் உண்மையான ரெப்போவான .கிட் ஃபோல்டரை எட்டிப் பார்ப்பதில்லை. கையால் ஓட்டும்போது அந்த வேரியபிள் கிடையாது, அதனால் பிரச்சினை தெரியவில்லை. கிட் புல்லுக்கு முன்னால் 'அன்செட் ஜிஐடி_டிஐஆர்' என்று ஒரு வரி போட்டு அந்த வேரியபிளை நீக்குங்கள். இன்னொன்று, எந்தக் கிளைக்குப் புஷ் செய்தாலும் இந்த ஹூக் ஓடும், ஸ்டாண்டர்ட் இன்புட்டில் (ஸ்கிரிப்டுக்குள் வரும் தகவலில்) பழைய கமிட், புதிய கமிட், கிளையின் பெயர் மூன்றும் வரும், அதைப் படித்து மெயின் கிளை என்றால் மட்டும் புல் செய்யுங்கள்.

கிட்_வாத்தியார்: ஆவணத்தில் இருக்கிறது என்று அப்போதே சொன்னேன்.

பாலக்கோட்டான்: ஓடிவிட்டது. நன்றி அண்ணா.

ஓசூர்_லினக்ஸ்: எதற்கும் பர்மிஷனை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.