டர்பனில் மொஹிங்கா: ஹேக் மீன் போதுமா?

கேள்வி (டர்பன் வடக்கு):
நாலு பேருக்கு ரங்கூன் முறையில் மொஹிங்கா (மீன் சாறு ஊத்திச் சாப்பிடுற பர்மிய அரிசி நூடுல்ஸ்) செய்யணும். பக்கத்துக் கடைகளில் ஹேக்னு ஒரு கடல் மீனோட முள்ளில்லாத துண்டுதான் (ஃபில்லெட்) கிடைக்குது. கடலை மாவு கரைச்சு ஊத்தினா கட்டி தட்டுது, பச்சை வாசமும் போகலை. வாழைத்தண்டு கட்டாயமா?

பதில் 1 (சாட்ஸ்வொர்த்):
முதல்ல ஒண்ணு: சென்னையில அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடையில ஊத்தித் தர்ற வாழைத்தண்டு சூப் வேற, ரங்கூன் மொஹிங்கா வேற. இது மீன் சாறு. கெளுத்திதான் அதுக்கு உயிர். இங்கே 'பார்பெல்'னு கேளுங்க. தலையோட 1 கிலோ. சேற்று வாசம் இருக்கும். உப்பும் புளித்தண்ணியும் போட்டுத் தேய்ச்சுக் கழுவினா நல்லாவே குறையும்.

2 லிட்டர் தண்ணி, நசுக்கின எலுமிச்சைப்புல் 3 தண்டு, இஞ்சி, 1 டீஸ்பூன் மஞ்சள் போட்டு மீனை 20 நிமிஷம் வேக வைங்க. சதையை எடுத்துட்டு, தலையையும் முள்ளையும் அதே தண்ணியில இன்னும் அரை மணி கொதிக்கவிட்டு வடிகட்டணும். சாறுக்கு ருசி அங்கிருந்துதான் வருது. வெறும் ஃபில்லெட்ல அது வராது. ஹேக்தான்னா, மீன்கடையில தலை தனியா வாங்கிச் சாறு எடுங்க. ஃபில்லெட்டை 7 நிமிஷத்துக்கு மேல விடாதீங்க, கரைஞ்சிடும்.

2 வெங்காயம், 6 பல் பூண்டு, இஞ்சி, எலுமிச்சைப்புல்லோட இளம் பகுதி, 5 வரமிளகாய் அரைச்சு, கால் கப் எண்ணெயில பிரியுற வரைக்கும் வதக்குங்க. அப்புறம் 1 டீஸ்பூன் ஙபி (புளிக்க வெச்ச பர்மிய மீன்/இறால் விழுது), உதிர்த்த மீன். ஈரம் வத்துற வரைக்கும் புரட்டணும். இதுல அவசரப்பட்டா கவிச்சி சாறுல அப்படியே நிக்கும். பிறகு வடிகட்டின சாறுல சேருங்க. ஃபிஷ் சாஸ் கடைசியில, ருசி பார்த்து.

பதில் 2 (பீனிக்ஸ்):
மாவு விஷயம். கால் கப் கடலை மாவு, கால் கப் அரிசி மாவு, ரெண்டையும் தனித்தனியா வெறும் சட்டியில சின்னத் தீயில வாசம் வர்ற வரைக்கும் வறுங்க. பச்சை வாசத்துக்கு அதுவே மருந்து. சூடான சாறுல மாவைக் கொட்டினா வெளிப்பக்கம் உடனே வெந்து உள்ளே மாவு மாட்டிக்கும், அதான் கட்டி. 2 கப் பச்சைத்தண்ணியில கரைச்சு, வடிகட்டி, கிண்டிக்கிட்டே மெல்ல ஊத்துங்க. பிறகு 45 நிமிஷம் சின்னத் தீ. அடிப்பிடிக்கும், கரண்டியை விடாதீங்க. ஆற ஆற இறுகும், வெந்நீர் கையில இருக்கட்டும்.

'சில்லி பைட்ஸ்' மாவுப் பாக்கெட்டை எடுத்துடாதீங்க. பஜ்ஜிக்குன்னு மசாலா கலந்தது.

பதில் 3 (டர்பன் தெற்கு):
வாழைத்தண்டு இல்லாமலும் ஆகும், ஆனா கடிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது. முழுச் சின்ன வெங்காயம் பத்து போடுங்க. தண்டு கிடைச்சா நாரைச் சுத்தி எடுத்து மோர்த்தண்ணியில வைங்க, கறுக்காது. கடைசி 20 நிமிஷத்துல சேர்த்தா போதும்.

நூடுல்ஸ் அரிசியில செஞ்சதான்னு பாக்கெட்டைப் பாருங்க. இங்கே 'வெர்மிசெல்லி'ன்னு விக்கிறது பெரும்பாலும் பாயச சேமியா, கோதுமை. இடியாப்பமும் ஆகாது, சாறுல குழைஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்:
மேலே தூவ?

பதில் 3:
அவிச்ச முட்டை, கொத்தமல்லி, மிளகாய்த்தூள், எலுமிச்சை. கடலைப்பருப்பு வடையை மெல்லிசாத் தட்டி மொறுமொறுன்னு பொரிச்சு, சாப்பிடுறப்ப நொறுக்கிப் போடுங்க. முன்னாடியே போட்டா ஊறிடும்.