புதுச் செயினில் பிசுபிசுக்கும் கம்பெனி கிரீஸ்: கழுவ வேண்டுமா, விட்டுவிடலாமா?

மோல்மீன்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பழைய சைக்கிள். பின்னால் ஏழு பல்சக்கரம். போன வாரம் புதுச் செயின் வாங்கி நானே மாட்டினேன். செயின் முழுக்கத் தேன் தடவியது மாதிரி மஞ்சளாக ஒரு கிரீஸ். மூன்றே நாளில் செம்மண் புழுதி அப்பிக் கறுத்துவிட்டது. கைலி ஓரம் பட்டால் போச்சு. இதுவரை இரண்டு கைலி பாழ், அம்மாவிடம் வாங்கிய திட்டு தனி.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கியைக்தன்லான் பகோடா மேட்டில் நடுப் பல்சக்கரத்தில் போட்டு அழுத்தி மிதித்தால் டக்கென்று வழுக்குகிறது. பழைய செயினில் இப்படி இல்லை. கிரீஸ் அதிகமாக இருப்பதால்தான் வழுக்குகிறதா? மொத்தத்தையும் கழுவிவிட்டு நல்ல எண்ணெய் போடலாமா? எதில் கழுவுவது? திங்ஜான் புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு வாரம்தான், அதற்குள் முடிக்க வேண்டும்.

பெகு பையன்:

அண்ணே, ரொம்ப சுலபம். செயினைக் கழற்றி ஒரு தண்ணீர் பாட்டிலில் போட்டு, பாதி பெட்ரோல் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். ஐந்தே நிமிடம், வெள்ளி மாதிரி பளபளக்கும். அப்புறம் மெஷின் எண்ணெய் விட்டு மாட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

ரங்கூன் சைக்கார் வீடு:

தம்பி பெகு, செய்தது செய்துவிட்டீர்கள். இனி செய்யாதீர்கள், பிறருக்கும் சொல்லாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். நீங்கள் வாசலில் பாட்டிலைக் குலுக்க, அடுப்பங்கரையில் கரி அடுப்பு எரிய, நடுவில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரில்கூடப் பற்றக்கூடிய ஆவி அது. மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் அதையும் நிழலில் வைத்துத்தான் புழங்க வேண்டும். கடையில் பர்மிய மொழியில் கேட்கும்போதும் கவனம்: ‘யேநான்சீ’ என்றால்தான் மண்ணெண்ணெய், ‘தாத்சீ’ என்றால் பெட்ரோல்.

சரி, மோல்மீன் தம்பிக்கு வருகிறேன். என் அப்பா முப்பது வருடம் சைக்கார், அதாவது பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா, மிதித்தவர், நான் இப்போது பழுது பார்க்கும் வேலை செய்கிறேன். ஒன்று சொல்கிறேன், அந்த மஞ்சள் கிரீஸ் உங்கள் எதிரி இல்லை. தொழிற்சாலையில் கிரீஸைச் சூடாக்கி இளக்கித்தான் செயினுக்குள் இறக்குகிறார்கள். ஆறினதும் அது உள்ளேயே கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். எங்கே உட்காருகிறது என்பதுதான் முக்கியம். ஒரு கண்ணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே தகடு, நடுவில் உருளும் ரோலர், அதற்குள் உள்தகட்டின் குழாய் போன்ற கழுத்து, அதற்குள் ஊசி. அந்த ஊசிக்கும் கழுத்துக்கும் இடையில் உள்ள மயிரிழைச் சந்தில்தான் தேய்மானம் எல்லாம் நடக்கிறது. அங்கே இருக்கும் கிரீஸ்தான் செயினின் ஆயுள். குலுக்கிக் கழுவினால் முதலில் போவது அதுதான். பிறகு நீங்கள் மேலே சொட்டு விடும் எண்ணெய் அதே இடத்துக்கு அதே அளவு போய்ச் சேருவது கடினம். போதாக்குறைக்கு, கழுவிய திரவம் சந்துக்குள் தங்கிவிட்டால் புது எண்ணெயையும் நீர்க்க வைத்துவிடும்.

வெளித்தகட்டில் ஒட்டியிருக்கும் கிரீஸால் ஒரு பயனும் இல்லை. துருப்பிடிக்காமல் கடைவரை வந்து சேர்ந்ததோடு அதன் வேலை முடிந்தது. புழுதி பிடிப்பதும் அது, உங்கள் கைலியைக் கெடுப்பதும் அதுதான். ஆகவே வெளியே மட்டும் துடையுங்கள், உள்ளே கை வைக்காதீர்கள். செயினைக் கழற்றவே வேண்டாம். பழைய பனியன் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கச் செயினைத் துணியால் பொத்திப் பிடித்து, இன்னொரு கையால் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். துணி கறுத்ததும் மடிப்பை மாற்றுங்கள். இரண்டு மூன்று துணி ஆகும். கடைசியில் காய்ந்த துணியால் ஒரு முறை. விரலால் தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும், கறை வரக் கூடாது. அவ்வளவுதான்.

துணியைச் சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள். பின் சக்கர அச்சுக்குள் இறங்கினால் அங்கிருக்கும் கிரீஸும் கரையும். ரிம்மில் பட்டால் பிரேக் பிடிக்காது. துரு நீக்கும் அமிலம், சோடா உப்பு போட்ட தண்ணீர் இவை செயின் பக்கமே வரக் கூடாது. தகட்டில் விரிசல் விழும்.

எண்ணெய் இப்போது வேண்டாம். கீச் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு ரோலருக்கு ஒரு சொட்டு, பத்து நிமிடம் பொறுத்து மேலே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். நல்லெண்ணெய் விடுகிறவர்கள் உண்டு, எங்கள் தெருவிலேயே உண்டு. கொஞ்ச நாளில் பிசின் மாதிரி இறுகிவிடும்.

வழுக்குவதைப் பற்றி: கிரீஸால் செயின் வழுக்காது, தம்பி. பழைய செயின் கையில் இருக்கிறதா? அளந்து சொல்லுங்கள். ஒரு ஊசி நடுவிலிருந்து எண்ணத் தொடங்கி இருபத்து நான்காவது ஊசி நடுவரை, அங்குல ஸ்கேலில்.

டவுங்கூ அக்கா:

கைலிக் கறையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தண்ணீரில் நனைக்கும் முன்பே, காய்ந்த துணியிலேயே பாத்திரம் கழுவும் சோப்பை நன்றாகத் தேய்த்து அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் வெந்நீர். முதலில் நனைத்துவிட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அம்மாவைத் துவைக்க விடாமல் நீங்களே துவைத்தால் திட்டும் குறையும், தம்பி. வலது பக்கக் கைலியைக் கொஞ்சம் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டப் பழகுங்கள். நாங்கள் எல்லாம் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

மாண்டலே மெழுகு:

நான் மாறுபடுகிறேன். கம்பெனி கிரீஸை முழுக்க எடுத்துவிட்டு, உருக்கிய மெழுகில் செயினை முக்கி எடுத்தால் கை வைத்தால்கூட ஒட்டாது, புழுதியும் பிடிக்காது. நான் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து வெந்நீரில் உருக்க வேண்டும், நேரடித் தீயில் கூடாது. ஆனால் ஒன்று, துளி கிரீஸ் மிச்சம் இருந்தாலும் மெழுகு பிடிக்காது. மண்ணெண்ணெயில் மூன்று நான்கு முறை, அப்புறம் ஸ்பிரிட்டில் ஒரு முறை கழுவ வேண்டும்.

ரங்கூன் சைக்கார் வீடு:

மாண்டலே அண்ணன் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே வருடம் முழுக்கப் பெய்வது 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. மோல்மீனில் 4,000-க்கு மேல். மழையில் மெழுகுக்கு அடியில் தண்ணீர் இறங்கிவிட்டால் மறுநாள் காலையில் ஆரஞ்சுத் துரு. ஜூன், ஜூலையில் தினமும் மெழுகு உருக்கிக்கொண்டிருக்க முடியுமா? முழுக்கக் கழுவுவதில் அர்த்தம் இருக்கிறதென்றால் அது மெழுகு போடுகிறவருக்கு மட்டும்தான்.

மாண்டலே மெழுகு:

மழையை மறந்துவிட்டேன். இங்கே அதை மறந்தே வருடங்கள் ஆகின்றன. தம்பி, கிரீஸோடே இருங்கள்.

மோல்மீன்காரன்:

அண்ணே, துடைத்துவிட்டேன். மூன்று பனியன் போயிற்று, செயின் நன்றாக இருக்கிறது. நேற்று வெள்ளைச் சட்டையோடே பாலம் வரை போய்வந்தேன், ஒரு பொட்டு கறை இல்லை.

பழைய செயினைக் குப்பையிலிருந்து எடுத்து அளந்தேன். நீங்கள் சொன்னபடி இருபத்து நாலாவது ஊசிக்கு 11 அங்குலமும் அரையே அரைக்கால் சொச்சமும் வருகிறது. பன்னிரண்டே வரவில்லையே, அப்படியானால் தேயவில்லையா?

ரங்கூன் சைக்கார் வீடு:

தப்பு என்னுடையது. முதல் ஊசியைப் பூஜ்யம் என்று வைத்து எண்ண வேண்டும், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். ஊசிக்கு ஊசி அரை அங்குலம். இருபத்து நான்கு இடைவெளி இருந்தால்தான் பன்னிரண்டு அங்குலம். நீங்கள் இருபத்து மூன்றுதான் அளந்திருக்கிறீர்கள், புதுச் செயினில் அது பதினொன்றரைதான் வரும். இன்னும் ஒரு ஊசி தள்ளி அளந்து பாருங்கள்.

மோல்மீன்காரன்:

பன்னிரண்டும் அரைக்கால் அங்குலமும், அதற்கும் ஒரு மயிரிழை கூட.

ரங்கூன் சைக்கார் வீடு:

அதுதான். பன்னிரண்டுக்கு மேல் ஒரு வீசம் தாண்டி, அதாவது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டியபோதே மாற்றியிருக்க வேண்டும். அரைக்கால் அங்குலம் என்றால் நூற்றுக்கு ஒன்று நீண்டுவிட்டது. இரும்பு இழுபட்டு நீளவில்லை, ஒவ்வொரு ஊசியும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்து சேர்ந்த நீளம் அது. அந்த நீண்ட செயின் உங்கள் பின் பல்லையும் தன் அளவுக்குச் செதுக்கிவிட்டது. இரண்டும் சேர்ந்து தேய்ந்ததால் வழுக்கவில்லை. புதுச் செயின் சரியான அளவில் வந்ததும் அந்தப் பல்லில் உட்காரவில்லை. நீங்கள் அதிகம் ஓட்டிய நடுப் பல்சக்கரத்தில் மட்டும் வழுக்குவதும் அதனால்தான். பின் ஃப்ரீவீலை, அதாவது அந்த ஏழு பல்சக்கரமும் சேர்ந்த தொகுப்பை, மாற்றுங்கள். நீங்களே கழற்றப் போகாதீர்கள். மிதிக்க மிதிக்க இறுகும் மரை அது, அதற்கென்று உள்ள சாவியும் பெரிய ஸ்பேனரும் இல்லாமல் அசையாது.

மோல்மீன்காரன்:

கடையில் இரண்டு பேர் சேர்ந்து இழுத்துக் கழற்றினார்கள். ஏழு பல்சக்கர ஃப்ரீவீல் புதிதாகப் போட்டாயிற்று. இன்று காலை பகோடா மேட்டில் நின்று மிதித்தேன், ஒரு டக்கும் இல்லை. புது ஃப்ரீவீலிலும் கம்பெனி எண்ணெய் வழிகிறது. துணி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

டவுங்கூ அக்கா:

கைலி மாற்றிவிட்டு உட்காருங்கள்.